கற்பிட்டி: களப்புக்கும் கடலுக்கும் நடுவே

இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் களப்புக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்குடாநாட்டில் கற்பிட்டி நகரம் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வரும் பெருஞ்சாலையில் புத்தளம் நகருக்குச் சற்றுத் தெற்கே பாலாவிச் சந்தி இருக்கிறது. அங்கே பிரியும் கிளைச்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் கற்பிட்டியை அடையலாம். மாம்புரி, நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில எனக் குடாநாட்டின் ஊர்கள் இந்த ஒரே சாலையையும் அதன் கிளைகளையும் ஒட்டி அமைந்திருக்கின்றன. வழியெங்கும் ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பும் வெங்காயத் தோட்டமும் பனையும் மணலும்.

கற்பிட்டியில் பார்க்கத் தக்கவை பல. ஒல்லாந்தர் கோட்டை, தலவில அன்னம்மாள் ஆலயம், முருகைக்கற்பாறை, ஓங்கில் கூட்டம், தீவுகள், காற்றாலைகள் என்று பட்டியல் நீளும். பட்டியலாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும். இரண்டு கரைகளையும் இரண்டு காற்றுகளையும் அறிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்பது விளங்கும். களப்புக் கரை அமைதியானது. வணிகமும் ஆட்சியும் அங்கே குடியேறின. கடற்கரை திறந்தது, மீன்பிடியும் யாத்திரையும் இன்றைய சுற்றுலாவும் அங்கே தங்கின. ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்து சோழகம் வீசுகிறது, மறு பாதியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. எந்தத் தொழில் எப்போது நடக்கும், எந்தப் பயணி எப்போது வரலாம் என்பதை இந்தக் காற்றுகளே முடிவு செய்கின்றன.

குடாநாடே காற்றும் நீரும் சேர்ந்து உருவாக்கிய நிலம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதுகின்றன. தெற்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலை அந்த நீரோட்டம் வடக்கு நோக்கி நகர்த்துகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக நகர்ந்த மணல் நீண்ட திட்டாக வளர்ந்து, ஒரு காலத்தில் திறந்த குடாவாக இருந்த நீரைக் கடலிலிருந்து பிரித்தது. அந்த நீரே புத்தளம் களப்பு. பரப்பில் இது 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஓரிரு மீட்டர்தான். தெற்கே மீ ஓயாவும் வடகிழக்கே கலா ஓயாவும் இதற்கு நன்னீர் தருகின்றன. மழை குறைந்த மாதங்களில் வெயில் நீரை வற்றவைப்பதால் களப்பின் தென்பகுதியில் உப்பு, கடல்நீரில் இருப்பதைவிட மிகுந்துவிடும். புத்தளம், பாலாவிப் பகுதிகளில் உப்பளங்கள் அமைந்ததற்கு இதுவே காரணம். களப்பு வடக்கே அகன்று ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா எனப்படும் இரு நீர்ப்பரப்புகளாகி, தீவுகளுக்கிடையே கடலோடு கலக்கிறது.

காற்று இக்கரைக்குப் பயணிகளைக் கொண்டுவந்த கதை மிகப் பழையது. உரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் பகுதியின் வரிக் குத்தகையை எடுத்திருந்த ஒருவரின் பணியாளர் அரேபியக் கரையில் புயலில் சிக்கி, காற்றால் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறைமுகத்தில் ஒதுங்கினார் என்று பிளினி எழுதியுள்ளார். களப்புக்கு வடக்கே, இன்று வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் செந்நிறக் குன்றாகக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையே அந்தத் துறை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைத்தீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். அவருடைய கப்பலும் காற்றால் திசை மாறிப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததையும், மாபார், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துக்கொண்டு மன்னருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகத் தந்ததையும் தம் பயண நூலில் குறித்துள்ளார். முத்துகளைப் பற்றியும் அவர் பேசுகிறார்.

பிற்காலத்தில் இந்தக் களப்பு கண்டி அரசின் கடல் வாசலாயிற்று. மலைநாட்டிலிருந்து பாக்கு இறங்கி இந்தியக் கரைக்குப் போனது. அங்கிருந்து துணி வந்தது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு பெரும் பொருள். தென்னிந்தியாவில் அதற்கு எப்போதும் கேட்பு இருந்தது. உப்போ மலைநாட்டில் விளையாத, ஆனால் ஒரு நாளும் இல்லாமல் முடியாத பண்டம். களப்பின் வாசலைக் கையில் வைத்திருப்பவர் கண்டியின் பாக்கையும் உப்பையும் கையில் வைத்திருப்பார். கற்பிட்டியின் ஐரோப்பிய வரலாறு முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றியே நடந்தது.

போர்த்துக்கேயர் முதலில் வந்தனர். அவர்கள் காலத்தில் இயேசு சபைத் துறவிகள் இங்கே ஆலயமும் மறைப்பணி நிலையமும் அமைத்தனர். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அடுத்த ஆண்டு கற்பிட்டியும் அவர்கள் கைக்குப் போயிற்று. போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக ஒல்லாந்தரை அழைத்தவர் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கன். அழைக்கப்பட்டவர்கள் கரையை மன்னருக்குத் திருப்பித் தரவில்லை. 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை அந்த மன்னரின் வெளிநாட்டு வணிகத்தை அடைப்பதற்கே எழுப்பப்பட்டது. கோட்டை திறந்த கடலைப் பார்க்காமல் களப்பின் பக்கம் நிற்பதன் பொருள் இதுதான். கடல்வழியே வரும் பகைக் கப்பலைக் காட்டிலும் களப்பில் நுழையும் வணிகத் தோணியே அதன் கண்காணிப்புக்கு உரியதாயிருந்தது. 1766இல் கண்டியோடு செய்த உடன்படிக்கை இலங்கைக் கரை முழுவதையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதித் தந்தது. 1795 நவம்பரில் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

கோட்டை அளவில் சிறியது. ஏறக்குறையச் சதுரமான சுற்று, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டு கட்டிய தடித்த மதில்கள். வாயிலின் முகப்பு மட்டும் வேறு நிறம். நெதர்லாந்திலிருந்து கப்பலில் வந்த சிறிய மஞ்சள் செங்கற்கள் அங்கே பதிக்கப்பட்டிருக்கின்றன. கம்பெனியின் கட்டடங்கள் பலவற்றில் காணப்படும் கூர்முகப்பு இதன் நுழைவாயிலிலும் உண்டு. உள்ளே பழைய தேவாலயத்தின் சுவர்கள், தளபதியின் மனை, களஞ்சியம், சிறைக்கூடம் ஆகியவற்றின் எச்சங்கள் நிற்கின்றன. மதில்மேல் ஏறி நின்றால் கிழக்கே களப்பும் அதில் போகும் படகுகளும் தெரியும். கோட்டை கட்டியவர்கள் பார்க்க விரும்பியதும் அதையே. இப்போது கோட்டை இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. பார்வையாளர் அனுமதி பெற்று, கடற்படையினர் காட்டும் வழியில் சுற்றி வர வேண்டும். படம் எடுப்பதற்கும் அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கோட்டைக்கு வெளியே நகரம் சிறியது. ஒல்லாந்தர் காலத்துப் புனித பேதுரு தேவாலயமும் அக்காலக் கல்லறைக் கற்களும் இங்கே உள்ளன. கடைத்தெரு, பள்ளிவாசல்கள், இறங்குதுறை, மீன் ஏற்றும் லொறிகள் ஆகியவை நகரின் அன்றாடம். முஸ்லிம்கள், தமிழ்க் கத்தோலிக்கர், சிங்களக் கத்தோலிக்கர், பௌத்தர் எனப் பல சமூகத்தார் வாழும் ஊர் இது. மீனவக் குடும்பங்கள் பலவற்றில் தமிழும் சிங்களமும் சேர்ந்தே புழங்குகின்றன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பல குடும்பங்கள் படகேறி இந்தக் கரையில் வந்து இறங்கின. முகாம்களாகத் தொடங்கிய குடியிருப்புகள் பல இன்று நிலையான ஊர்களாகிவிட்டன. பாலாவி முதல் கற்பிட்டி வரை சாலையோரத்தில் புதிதாகத் தெரியும் ஊர்களுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இந்த நகரம் தமிழ் அறிவுலகுக்குத் தந்த பெருங்கொடை சைமன் காசிச்செட்டி. 1807 மார்ச் 21 அன்று கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல், இருபத்தேழாவது வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் விளைபொருள்களையும் அகரவரிசையில் தொகுத்த சிலோன் கெசற்றியரை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு தீவு முழுவதையும் ஒரே நூலில் அடக்கும் அந்த முயற்சியை அரசு நிறுவனம் எதுவும் செய்யவில்லை. கற்பிட்டி இளைஞர் ஒருவர் தனியாளாகச் செய்தார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தார். 1841இல் உதயாதித்தன் என்ற தமிழ் இதழை நடத்தினார். 1859இல் வெளிவந்த தமிழ் புளூட்டாக், தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாறுகளை முதன்முதலாக நவீன முறையில் திரட்டித் தந்தது. 1860இல் அவர் மறைந்தார். கோட்டைக்கு வரும் பயணிகளில் இந்த நகரம் அவருடைய ஊர் என்பதை அறிந்தவர் குறைவு.

கடற்கரைப் பக்கத்தில் முதலிடம் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு உரியது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகர் ஒருவர் தம்மிடமிருந்த அன்னம்மாள் திருவுருவத்தை மரத்தடியில் வைத்து, வணிகம் செழித்தால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது இத்தலத்தின் மரபுக் கதை. ஏழைப் பயணி ஒருவர் மரத்தடியில் உறங்கியபோது கனவில் கண்டார் என்று வேறொரு வடிவமும் வழங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் குருக்கள் மறைந்தே பணிசெய்ய வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்த யோசேப் வாஸ் அடிகளார் 1690களின் தொடக்கத்தில், கண்டி மன்னரின் ஆட்சியிலிருந்த புத்தளத்தில் தங்கிப் பணியாற்றினார். இக்கரையின் கத்தோலிக்கம் நிலைத்ததில் அவர் பங்கு பெரிது. இப்போதுள்ள ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது; அதனுள் நிற்கும் முதிரை மரத் தூண்கள் பார்க்கத் தக்கவை. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழா நடக்கிறது. பெருந்திரளான மக்கள் குடும்பத்தோடு வந்து, ஆலயத்தைச் சூழ்ந்த மரநிழலில் கூடாரமடித்துச் சமைத்துத் தங்குவார்கள். கத்தோலிக்கர் அல்லாதாரும் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். விழா நாள்களில் குடாநாட்டுச் சாலையில் நெரிசல் மிகும். தங்குமிடமும் எளிதில் கிடைக்காது.

தலவிலவுக்கு வடக்கும் தெற்குமாக நீளும் கடற்கரையில் மீன்பிடி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இங்கே கரைவலை இழுக்கப்படும். வலையை வள்ளத்தில் ஏற்றி அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு, இரு கரைநுனிகளிலும் ஆள்கள் நின்று கயிற்றைப் பிடித்து மெல்ல இழுப்பார்கள். மடி கரையேறப் பல மணி நேரம் ஆகும். வலைக்கு உடையவர் சம்மாட்டி. பாட்டுக்கு இசைந்து கயிறு இழுக்கும் வழக்கம் இக்கரையின் முதியோருக்கு நன்கு தெரியும். இப்போது உழவு இயந்திரத்தைக் கட்டி இழுப்பதும் உண்டு. சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறுமீன்கள் மிகுதியாகப் படும்போது, விற்றதுபோக எஞ்சியதைக் கரையிலேயே உலர்த்திக் கருவாடாக்குவார்கள். ஆழ்கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளும் உண்டு. கடலட்டை எடுப்பவர்கள் மூழ்கித் தேடுகிறார்கள். அந்தக் கடலட்டை பதப்படுத்தப்பட்டுக் கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

கற்பிட்டிக்கு வடக்கே தீவுகள் தொடங்குகின்றன. இப்பந்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு முதலியவை அவற்றுள் பெயர்பெற்றவை. வாடைக் காலத்தில் மேற்குக் கடல் அடங்கியதும் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் இத்தீவுகளுக்குப் பெயர்ந்து வாடி அடிக்கின்றன. ஓலைக் குடிசை, மீன் உலர்த்தும் பந்தல், சிறு ஆலயம், கடை ஆகியவை சேர்ந்து அந்தச் சில மாதங்களுக்கு ஓர் ஊர் எழும். சோழகம் தொடங்கினால் பலர் ஊர் திரும்புவர், அல்லது கிழக்குக் கரைக்குப் போவர். தீவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே தொழில் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்குள் கேளாமல் நுழைவதும் உலர்த்திய மீனைத் தாண்டி நடப்பதும் மரியாதையாகாது. குடிநீர் அங்கே அரிது. வேண்டியதைக் கையோடு கொண்டுபோய்க் குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவதே முறை.

களப்பின் வளம் கண்ணுக்கு உடனே தெரியாது. ஆழமற்ற நீரின் அடியில் கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன; ஓரங்களில் கண்டல் காடு. இறாலும் நண்டும் பல மீன்குஞ்சுகளும் வளரும் இடம் இவை. சோழகத்தில் பெருங்கடல் கொந்தளிக்கும்போதும் களப்பில் தொழில் நிற்பதில்லை; ஆண்டு முழுவதும் அடுப்பெரியக் களப்பு உதவுகிறது. கடற்புல்லை மேயும் கடற்பசுவும் இந்த நீர்ப்பரப்பிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. சட்டம் அதைக் காக்கிறதாயினும் வலையில் சிக்கியும் வேட்டையாலும் அது மிக அருகிவிட்டது. பயணி ஒருவர் அதைக் காண்பது அரிய நிகழ்வு.

1980களிலும் 1990களிலும் புத்தளம் மாவட்டக் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டலும் உவர்ச் சதுப்பும் வெட்டித் திருத்தப்பட்டுக் குளங்களாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல கைவிடப்பட்டன. ஒரு பண்ணையின் கழிவுநீரை அடுத்த பண்ணை உள்ளிழுத்ததால் நோய் விரைந்து பரவியது. கண்டல் போன இடத்தில் குளமும் பயனின்றிக் கிடந்தது. இந்த இழப்புக்குப் பின்னரே கண்டல் மீள்நடுகை வேகம் பெற்றது. சிலாபத்துக்கு அருகே பம்பலவில் 2016இல் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகம், இவ்வகையில் உலகின் முதலாவது எனப்படுகிறது. கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு வருகிறவர்கள் வழியில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் களப்பின் ஓரத்தில் நிற்கும் மரங்களின் பெயரும் பயனும் விளங்கும்.

கடலுக்குள் இருக்கும் பெருஞ்செல்வம் பார் ரீஃப் எனப்படும் முருகைக்கற்பாறைத் தொகுதி. கற்பிட்டிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் பரந்திருக்கும் இது 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 306 சதுர கிலோமீட்டருக்கு மேல். 156 வகை முருகைகளும் 283 வகை மீன்களும் இங்கே பதிவாகியுள்ளன. நீரின் மேற்பரப்புக்கு மிக அருகிலுள்ள பாறைப் பகுதிகளை, மூச்சுக்குழாய் அணிந்து மிதந்தபடியே பார்க்கலாம். ஆழமான பகுதிகள் முக்குளிப்போருக்கு உரியவை.

இந்தப் பாறை சந்தித்த இடர்களை அறியாமல் அதைப் பார்ப்பது அரைகுறைப் பார்வை. முருகை என்பது நுண்ணுயிர்ப் பாசியோடு கூடி வாழும் விலங்கு. கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமேறிப் பல வாரம் அப்படியே நீடித்தால் முருகை அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். வெப்பம் தணியாவிட்டால் இறக்கும். 1998இல் எல் நினோ வெப்பத்தால் பார் ரீஃபின் ஆழமற்ற பகுதிகளில் உயிருள்ள முருகை பெரும்பாலும் அழிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இளமுருகைகள் பற்றி வளர்ந்து, பாறை வியக்கத்தக்க வகையில் மீண்டது. 2016இல் வந்த வெப்பம் அதை மறுபடி தாக்கியது. வெடி வைத்து மீன்பிடித்தல், பாறைமேல் நங்கூரம் போடுதல், முருகைமேல் காலூன்றி நிற்றல் ஆகியவை மீள்வதைத் தடுக்கும் செயல்கள். வெப்பத்தைப் பயணியால் தடுக்க முடியாது. காலூன்றாமல் இருக்க முடியும்.

பாறைக்கு அப்பால் கடற்றளம் சடுதியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் ஆழம் தொடங்குவதால்தான் இங்கே ஓங்கில்களும் திமிங்கிலங்களும் வருகின்றன. சுழலும் ஓங்கில் எனப்படும் வகை நூற்றுக்கணக்கில், சில நாள்களில் ஆயிரத்தையும் தொடும் கூட்டமாக, நீரிலிருந்து எழும்பி அச்சில் சுழன்று விழும். ஆழத்தில் கணவாயைத் தேடி மூழ்கும் விந்துத் திமிங்கிலங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில், குறிப்பாக மார்ச், ஏப்ரலில், தென்படும் வாய்ப்பு மிகுதி. அவை நெடுநேரம் மூழ்கியிருந்துவிட்டு மேலே வந்து மூச்செடுக்கும். அந்த ஓய்வு நேரத்தில் படகுகள் சூழ்ந்தால் மூச்சு முழுமை பெறாமலே மறுபடி மூழ்க நேரும். கடற்பாலூட்டிகளைத் துரத்துவதையும் சூழ்வதையும் இலங்கைச் சட்டம் தடைசெய்கிறது. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்த படகோட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பயணிக்கும் பங்குண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதற்குரிய காலம். பகல் ஏற ஏறக் காற்று எழும் என்பதால் படகுகள் காலையிலேயே புறப்படுகின்றன. உயிர்காப்பு அங்கி அணியாமல் ஏறுவது கூடாது.

ஓங்கில் படகுகளை நிறுத்திவிடும் சோழகம் வேறு ஒரு கூட்டத்தை அழைக்கிறது. மே முதல் அக்டோபர் வரை காற்று நாள்தோறும் வலுவாகவும் சீராகவும் வீசுகிறது. கண்டக்குளி, கப்பலடி முதலிய இடங்களில் கடலோரத்தை ஒட்டி ஆழமற்ற அமைதியான நீர்நிலைகள் உள்ளன. காற்று வலுத்தும் நீர் தட்டையாகவும் இருக்கும் இந்த அரிய சேர்க்கையால், பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றிக் காலடியில் பலகை பூட்டி நீர்மேல் விரையும் கைட் சர்ஃபிங் விளையாட்டுக்கு ஆசியாவின் பெயர்பெற்ற இடங்களில் ஒன்றாகக் கற்பிட்டி ஆகியிருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்றிலும் இது நடக்கும்; ஆனால் சோழகத்தின் வலு வாடைக்கு இல்லை.

அதே காற்று மின்சாரமும் தருகிறது. 2010 முதல் மாம்புரியிலும் அதையடுத்த கரையிலும் காற்றாலைகள் எழுந்தன. இதே கரையில் நுரைச்சோலையில் நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையமான லக்விஜய நிற்கிறது. சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2011இல் முதல் அலகும் 2014இல் எஞ்சிய இரு அலகுகளும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். பெருங்கப்பல் கரைக்கு வர முடியாததால் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, நிலக்கரி சிறு கலங்களில் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. சோழகக் காலத்தில் இது இயலாது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியைக் கடல் அமைதியான மாதங்களுக்குள் இறக்கிச் சேமிக்க வேண்டியிருக்கிறது. வாடி அடிக்கும் மீனவருக்குள்ள அதே நாள்காட்டி இந்த மாபெரும் நிலையத்துக்கும் பொருந்துகிறது. புகை, சாம்பல், வெந்நீர் ஆகியவற்றைப் பற்றிய சுற்றூர் மக்களின் கவலைகள் நிலையம் தோன்றிய நாளிலிருந்தே தொடர்கின்றன.

குடாநாட்டின் உட்பகுதியில் சின்னவெங்காயம், மிளகாய், கிழங்கு, மரக்கறி விளையும் தோட்டங்கள் உள்ளன. வெறும் மணலில் இத்தனை பசுமை நிற்பதற்குக் காரணம் நிலத்தடி நீர். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. சில அடி தோண்டினாலே கிணறு ஊறும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். மணலில் இட்ட உரமும் தங்காமல் நீரில் கரையும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. விடுதிகள் பெருகும்போது இதே நீரிலிருந்துதான் அவையும் இறைக்கின்றன. 2008க்குப் பின் அரசு தீவுகளையும் உள்ளடக்கிய பெரும் சுற்றுலாத் திட்டம் ஒன்றை முன்வைத்தபோது, கரையும் வாடியிடமும் கைவிட்டுப் போகும் என்று மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. நீரும் கரையும் இங்கே எல்லார்க்கும் பொதுவாகவும் எல்லார்க்கும் போதாமலும் இருக்கின்றன.

சுற்றுப்புறத்தில் காணத்தக்கவை இன்னும் சில. களப்பின் வடகிழக்குக் கரையில் வில்பத்து தொடங்குகிறது. பரப்பில் நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இது. மழைநீர் தேங்கும் வில்லுகளும் சிறுத்தைகளும் இதன் சிறப்பு. கலா ஓயா கழிமுகத்தின் கண்டல் காட்டைக் கங்கேவாடியிலிருந்து படகில் பார்க்கலாம். புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான காபிர் சமூகத்தார் வாழ்கின்றனர். போர்த்துக்கேய மொழிச் சொற்கள் கலந்த அவர்களுடைய மஞ்ஞா பாடலும் ஆடலும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தெற்கே உடப்பு, இராமநாதபுரக் கரையோடு தொடர்புடைய தமிழ் மீனவர் ஊர். அங்கே திரௌபதியம்மன் கோயில் தீமிதி ஆடி மாதத்தை ஒட்டிப் பெருவிழாவாக நடக்கிறது. அதற்கும் தெற்கே, 2001இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட ஆனைவிழுந்தான் குளத்தொகுதி பறவை பார்ப்போருக்கு உரிய இடம். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம், ஈழத்தின் பழம்பெரும் சிவத்தலங்களில் ஒன்று. கொழும்பிலிருந்து வரும் வழியிலேயே இவை மூன்றும் இருப்பதால் போகும்போது சிலவும் திரும்பும்போது சிலவுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பயண ஒழுங்கு எளிது. கொழும்பிலிருந்து புத்தளம்வரை பேருந்தும் தொடருந்தும் உண்டு. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் பேருந்து கிடைக்கும். கடலுயிர்களையும் முருகையையும் தீவுகளையும் காண விரும்புவோர் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வர வேண்டும். காற்று விளையாட்டை நாடுவோருக்கு மே முதல் அக்டோபர் வரை ஏற்றது. கோட்டையும் களப்பும் தலவிலவும் எக்காலத்துக்கும் உரியவை. இரண்டு பகலாவது தங்குவது நலம். ஒரு நாள் காலை கடலில் ஓங்கிலும் முருகையும், வெயில் தணிந்தபின் தலவில. மறுநாள் காலை கோட்டையும் நகரமும், பிற்பகல் களப்பில் படகுப் பயணம். முஸ்லிம் ஊர்களிலும் ஆலய வளாகத்திலும் அடக்கமான உடை வேண்டும். கடற்குளிப்பு உடையோடு ஊருக்குள் நடப்பதை மக்கள் விரும்புவதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும். விடுதிகளுக்கு வெளியே உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் களப்பு நண்டும் இறாலும் கணவாயும் அன்றன்றைக்குப் பிடித்தவையாகக் கிடைக்கும். படகு, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை இயன்றவரை ஊர்க்காரரிடம் எடுத்துக்கொண்டால், பயணியின் பணம் அந்தக் கரையைக் காத்துவரும் மக்களுக்கே போய்ச் சேரும்.